பின்னால் நடந்து போகிறவர்கள்

ஒரு வீடியோ ஏன் ஊரெல்லாம் பரவுகிறது என்று யாரைக் கேட்டாலும் கைவசம் ஒரு பதில் வைத்திருப்பார்கள். பூனை என்பார்கள், குழந்தை என்பார்கள், மாமியார் மருமகள் சண்டை என்பார்கள். இதற்கென்றே வகுப்பு நடத்திப் பிழைக்கிறவர்களும் உண்டு. உண்மையான பதிலைக் கண்டுபிடித்தவள் உலகம்மாள். கண்டுபிடித்ததில் அவளுக்கு ஒரு வீடும் காரும் வந்தன. போனது என்ன என்பதுதான் கதை.

தென்காசிக்காரி. சிறுசேரியில் 'பரவல்' என்ற கம்பெனியில் வேலை. விளம்பரக்காரர்களும் சினிமாக்காரர்களும் வீடியோவைக் கொண்டுவந்து கொடுத்தால், அதை நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்புகிற மாதிரி பக்குவம் செய்து கொடுப்பதுதான் கம்பெனியின் தொழில். என்ன செய்தால் அனுப்புவார்கள் என்பது மட்டும் அங்கே யாருக்கும் தெரியாது. பாட்டை மாற்றுவார்கள், நிறத்தைக் கூட்டுவார்கள், தலைப்பில் அலறுவார்கள். பத்தில் ஒன்று ஓடும், ஒன்பது படுத்துவிடும்.

அப்படியிருந்த நாளில்தான் அவள் அப்பா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பக்கத்தில் தம்பி சிவசைலம் இருந்தான். இருந்தான் என்றால், கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் மூச்சு நின்றது அவனுக்குத் தெரியவில்லை. நர்ஸ் வந்து தோளைத் தொட்டபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தானாம். அந்தச் சிரிப்பைச் சொல்லிச் சொல்லி வார்டே பேசியது.

உலகம்மாள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தாள். அவன் பார்த்த வீடியோவை அவன் கையில் கொண்டுபோய்ச் சேர்த்ததே தன்னைப் போன்றவர்கள்தானோ என்ற நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. வந்தது. அது தாங்க முடியாததாக இருந்ததால் மொத்தத்தையும் தம்பி தலையில் இறக்கினாள். சுடுகாட்டில் காடாற்று முடிந்து ஆண்கள் வீடு திரும்பியபோது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் வாசலில் நின்று சொன்னாள்.

"இனிமே உன் மூஞ்சிய எனக்குக் காட்டாத."

சைலம் வீட்டை விட்டுப் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் இல்லை. சித்தப்பா மகன்தான் செய்தான். சைலம் தன் போனையும் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். போலீசில் சொன்னார்கள், பேப்பரில் போட்டார்கள், கேரளா வரைக்கும் ஆள் அனுப்பித் தேடினார்கள். கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் அந்தக் கண்டுபிடிப்பு. அவள் வேலைக்குத் திரும்பியதும், லட்சக்கணக்கான பேர் எந்த நொடியில் வீடியோவை நிறுத்தி அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள் என்று தோண்டத் தொடங்கினாள். முதலாளி ஹரிஹரசுதனிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்.

"சிரிப்பு பரவாது சார். சிரிச்சவன் அடுத்த வீடியோவுக்குப் போயிருவான். பாக்கும்போது யாராவது ஒரு ஆள் ஞாபகம் வரணும். அப்பதான் விரல் அனுப்பப் போகும்."

அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார் அவர். அவள் தலையசைத்தாள்.

"ஞாபகம் வந்த ஆளு உயிரோட, பேசுற மாதிரி இருந்தா, அவருக்கு மட்டும் அனுப்பிட்டு நிறுத்திருவாங்க. அனுப்பவே முடியாத ஆளு ஞாபகம் வந்தாதான்... செத்துப்போனவங்க, சண்டை போட்டுப் பிரிஞ்சவங்க, காணாமப் போனவங்க... அப்ப மத்த எல்லாருக்கும் அனுப்புறாங்க. ஏன்னு அவங்களுக்கே தெரியாது."

ஹரிஹரசுதன், ஞாபகம் தானாக வரும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார். அந்த ஆள் அப்படிப்பட்டவர். அடுத்தவர் வீட்டில் இழவு என்றால் பந்தல் வாடகைக்கு விடலாமா என்று யோசிப்பவர்.

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 'சாயல்'. செய்முறை எளிமையானது. நம் போனில் இருக்கிற படங்கள், பேச்சுகள், பாதியில் நின்றுபோன உரையாடல்கள் எல்லாவற்றையும் பார்த்து, நாம் இழந்த ஆள் யார் என்று கம்ப்யூட்டர் நிரல் கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு நாம் பார்க்கிற வீடியோவின் பின்னணியில், சந்தையிலோ பஸ் ஸ்டாண்டிலோ நடந்து போகிற ஏதோ ஒருவருக்கு அந்த ஆளின் நடையையும் தோளையும் கொடுக்கும். இரண்டு நொடி, அதற்கு மேல் கிடையாது. முகம் தெரியாது, எப்போதும் முதுகுதான். ஒரே வீடியோவில் உங்களுக்கு உங்கள் மாமா போவார், எனக்கு என் தோழி போவாள். இதற்கெல்லாம் நாம் சம்மதித்திருக்கிறோமா என்றால், 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை என்றைக்கோ அழுத்தித் தொலைத்திருக்கிறோம்.

நிரலைப் பழக்க முதலில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. உலகம்மாள் தம்பியைக் கொடுத்தாள். சித்தி மகள் கல்யாணத்தில் அவன் பேண்ட் சட்டையில் அங்குமிங்கும் அலைந்த வீடியோ, கல்லூரி விழா வீடியோ, ரயில் நிலையத்தில் அவளை வழியனுப்ப வந்த வீடியோ. சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்ததில் அவனுக்கு இடது கால் கொஞ்சம் வெளியே வீசும். நிரல் அதை அச்சுப் பிசகாமல் பிடித்துக்கொண்டது. முதல் சோதனையில், யாரோ ஒரு சோப்பு விளம்பரத்தில், மீன் மார்க்கெட் கூட்டத்துக்குள் சைலம் முதுகைக் காட்டிக்கொண்டு காலை வீசி நடந்து போனான். அவள் கழிவறைக்குப் போய் அழுதாள். திரும்பி வந்து, தோள் இன்னும் ஒரு சுற்று இறங்க வேண்டும் என்று திருத்தம் சொன்னாள்.

சாயல் வந்தபின் பரவல் கம்பெனி தொட்டதெல்லாம் ஓடியது. கூடவே மற்றதும் நடந்தது. ஈரோட்டில் ஒரு பெண் புருஷனின் வருஷத் திதியை நிறுத்திவிட்டாள். உயிரோடு இருக்கிறவருக்கு எதற்குத் திதி என்று கேட்டாளாம். ஒரு அப்பா, செத்துப்போன மகளை மைசூர் கடைத்தெருவில் பார்த்ததாக அங்கேயே போய் அறை எடுத்துத் தங்கிவிட்டார். விஷயம் கடைசியில் வெளியே கசிந்தது, பத்திரிகைகள் எழுதின. மக்கள் கொதிப்பார்கள், சாயலை நிறுத்தச் சொல்வார்கள் என்று உலகம்மாள் பயந்தாள். ஆனால் உண்மை தெரிந்த பிறகு பார்க்கிறவர்கள் எண்ணிக்கை கூடியது. பொய்தான் என்று தெரிந்தே, ஒரு தடவை முதுகைப் பார்த்துவிடலாமே என்று பார்த்தார்கள். மற்றக் கம்பெனிகளும் காப்பியடித்தன. காணாமல் போனவரை வீடியோவில் கண்டதாக வரும் மனுக்கள் வாங்கப்பட மாட்டாது என்று போலீஸ் ஸ்டேஷன்களில் போர்டு மாட்டினார்கள்.

சாயல்தானா என்று அறிய ஒரு வழி இருந்தது. அதையும் அவள்தான் எழுதினாள்: அதே வீடியோவை வேறொருவர் போனில் பாருங்கள், அங்கே வேறு ஆள் தெரிவார்.

மார்கழியில் ஒருநாள் அம்மா சண்முகவடிவு கூப்பிட்டாள். மீட்டிங்குக்குப் போகிற அவசரத்தில் உலகம்மாள் எடுத்தாள்.

"ஏட்டி உலகு, தம்பியப் பாத்தேன். ஒரு புரோட்டாக் கடை மாஸ்டர் தோசையத் தூக்கி எறியுதாம்லா, அந்த வீடியோவுல. பின்னால வாளியத் தூக்கிட்டுப் போறான்."

அந்த வீடியோவை நாடே பார்த்திருந்தது. எங்கோ நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் மாஸ்டர் கல்லிலிருந்து தோசையைச் சுண்டினால், தூரத்தில் நிற்கிறவர் தட்டில் போய் விழும். உலகம்மாளும் பார்த்திருந்தாள். பின்னால் தம்பியின் முதுகு போனதையும் பார்த்திருந்தாள். அவளுக்கு அது தினப்படி காட்சி. ஷாம்பு விளம்பரத்திலும் போவான், தேர்தல் பிரசாரத்திலும் போவான்.

"எம்மா, அது நாங்க செய்யுறதும்மா. எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"நீ சொன்ன மாதிரியே அடுத்த வீட்டு ரஹ்மத் போன்லயும் பாத்துட்டேன். அதுலயும் அவந்தான் நிக்கான்."

உலகம்மாள் சலித்துக்கொண்டாள். ரஹ்மத் அக்கா அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அவள் போனிலும் அவன் படம்தான் கிடக்கும், அவளுக்கும் காணாமல் போனவன் அவன்தான், அப்புறம் நிரல் வேறு யாரைக் காட்டும் என்று விளக்கினாள். விளக்கம் கச்சிதமாக இருந்தது. படித்தவளின் விளக்கம்.

அம்மா விடவில்லை. ஸ்டேஷனுக்குப் போனாளாம், போர்டைக் காட்டி அனுப்பிவிட்டார்களாம். "அவனேதான்ட்டி. கட்டியிருக்க சாரத்த இடது காலால தட்டி எடுக்கான். வேற எவன் அப்படிச் செய்வான்?"

தான் பிறகு பேசுவதாகச் சொல்லி உலகம்மாள் போனை வைத்தாள். பிறகு பேசவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், ஆபீஸ் எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கும் பிராஞ்சல் பக்கத்தில் நின்றான். அசாம்காரப் பையன், சென்னைக்கு வந்து சில மாதங்கள்தான். கடைக்காரர் பால் கேனை இறக்கிவைத்துவிட்டு, இறங்கிக் கிடந்த லுங்கியை வலது குதிகாலால் பின்னுக்குத் தட்டி, எகிறிய நுனியைக் கையில் பிடித்து மடித்துக் கட்டினார். ஊரில் ஒவ்வொரு ஆணும் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்வது. லுங்கிக்கு அவள் ஊரில் சாரம் என்று பெயர். எல்லாரும் வலது காலால் தட்டுவார்கள். சைலம் மட்டும் இடது காலால் தட்டுவான், கால் அப்படி வளைந்ததால்.

டீ கிளாஸ் அவள் கையில் சுட்டது. வைக்கத் தோன்றவில்லை.

அவள் நிரலுக்குக் கொடுத்த ஒரு வீடியோவில்கூடச் சைலம் சாரம் கட்டியிருக்கவில்லை. வெளியே கிளம்பினால் பேண்ட்தான் போடுவான், படம் எடுப்பதெல்லாம் விசேஷங்களில்தான். அவன் போனிலும் அம்மா போனிலும் இருந்ததை எல்லாம் அவளே சலித்து எடுத்தவள். அவன் சாரத்தைத் தட்டுவது எப்படி என்று நிரலுக்குத் தெரிய வழியே இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

பிராஞ்சலிடம் அவன் போனில் அந்தத் தோசை வீடியோவைப் போடச் சொன்னாள். இவளையோ இவள் குடும்பத்தையோ அறியாத போன். மாஸ்டர் தோசையைச் சுண்டினார். பின்னால் ஒருவன் வாளியோடு காலை வீசி நடந்து போனான். வாளியைக் கீழே வைத்தான். இடது குதிகாலால் சாரத்தைத் தட்டி மடித்துக் கட்டினான். மறுபடி நடந்தான். இரண்டு நொடிக்கும் மேலே. எத்தனையோ தடவை கண்ணெதிரே போனவன், அவள் ஒரு தடவைகூட நொடியை எண்ணவில்லை.

பிராஞ்சல் மேலே ஆபீஸுக்குப் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தான். இதில் நாமோ வேறு கம்பெனிகளோ எதையும் சேர்க்கவில்லை, யாரோ லாரி கிளீனர் எடுத்துப் போட்ட வெறும் வீடியோ என்றான். அப்படியென்றால் எப்படி இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்று அவனே கேட்டுக்கொண்டான். பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. முதுகைத் தேடும் பழக்கத்தை அவள் நாட்டுக்கே ஏற்படுத்தியிருந்தாள். முதுகைக் காட்டி நிற்கிற ஒருவன் இருந்தால் போதும், மிச்சத்தை அவரவர் போட்டுக்கொள்கிறார்கள்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சோலாப்பூர் தாண்டி, நெடுஞ்சாலையோரம், நாமக்கல் லாரிகள் நிற்கிற தமிழ் ஓட்டல். முதலாளி பழனியாண்டி ராசிபுரத்துக்காரர். சிவசைலம் என்ற பெயரை அவள் சொன்னதுமே கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அவன் எங்கே என்று அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்திலேயே பதில் இருந்தது.

"நீங்கதான் அந்த அக்காங்களா?" என்றார். "ரொம்ப லேட்டா வந்துட்டீங்களேம்மா."

ஒன்றரை வருஷம் அங்கே வேலை பார்த்திருக்கிறான். எச்சில் இலை எடுப்பது, தண்ணீர் சுமப்பது. போன் வைத்துக்கொள்ள மாட்டான், யாராவது போனைத் தூக்கினாலே சமையல்கட்டுக்குள் ஓடிவிடுவான். தொட்டாலே சாமி கண்ணைக் குத்திவிடும் என்கிற மாதிரி ஒதுங்குவான் என்றார். வீட்டுக்கு ஒரு போன் போடேன்டா என்று அவரும் பல தடவை சொல்லிப் பார்த்தாராம்.

"மாஸ்டரை வீடியோ எடுத்த அன்னிக்கு மட்டும் அவனா வந்தான். இது எத்தன பேரு பாப்பாங்கன்னு அந்தக் கிளீனர் பையன்கிட்ட கேட்டான். நாடே பாக்கும்னான் அவன். ஒடனே வாளியத் தூக்கிட்டுப் பின்னால போயி நின்னுக்கிட்டான். நடக்கறான், துணியத் தட்டிக் கட்டறான், மறுபடி நடக்கறான். நான் சொன்னேன், நிக்கறதுதான் நிக்கற, திரும்பி மூஞ்சியக் காட்டேன்டான்னு."

அதற்கு அவன் சொன்ன பதிலையும் சொன்னார்.

"'அக்கா மூஞ்சியக் காட்டாதன்னு சொல்லியிருக்கு. முதுகு போதும். என்ன எங்க பாத்தாலும் அதுக்குத் தெரியும்'னான்."



வீடியோ பரவப் பரவ அவன் முகம் தெளிந்ததாம். தமிழ்நாட்டு நம்பர் வண்டி எது வந்து நின்றாலும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்ப்பானாம். இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொள்வானாம். பொங்கல் வரைக்கும் பார்த்தான். பொங்கல் கழிந்து ஒருநாள், நாடே பாத்தாச்சு அண்ணாச்சி, அக்காவும் பாத்திருக்கும், வர வேண்டாம்னு இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, வடக்கே போகிற ஏதோ லாரியில் ஏறிப் போய்விட்டான். எந்த லாரி என்று பழனியாண்டிக்குத் தெரியவில்லை. அந்தச் சட்டையை மட்டும் விட்டுப் போயிருந்தான். அவர் எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா திட்டினால் தேவலை என்றிருந்தது. அம்மா திட்டவில்லை. சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். துவைத்துவிட்டார்கள் போல என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் மகளிடம் சாப்பிட வா, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசுவதில்லை.

வேலையை விட்டாயிற்று. தன் கணக்கிலிருந்து சாயலை எடுத்துவிடும்படி ஹரிஹரசுதனைக் கேட்டாள், அவரும் எடுத்துக் கொடுத்தார். அது எதற்கும் உதவவில்லை. சாயல் போடும் கம்பெனிகள் இப்போது எத்தனையோ. எந்த வீடியோவைத் திறந்தாலும் சைலம் நடந்து போகிறான். பனியில் போகிறான், கடற்கரையில் போகிறான், யாரோ வீட்டுக் கல்யாணத்தில் போகிறான். இவற்றில் ஒன்றில் அவன் உண்மையிலேயே போகலாம். எதில் என்று அவளால் சொல்ல முடியாது. அவன் நடையை அவ்வளவு சுத்தமாகச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

அதனால் முன்பின் அறியாதவர்களிடம் கேட்கிறாள். சென்ற வாரம் நெல்லை சந்திப்பில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காணாமல் போன தம்பி என்றாள். புதிதாக வந்திருந்த வீடியோ ஒன்றின் பெயரைச் சொல்லி, அதை உங்கள் போனில் ஒரு தடவை பார்த்து, பாலத்தின்மேல் ஒருவன் இடது காலை வீசி நடக்கிறானா என்று சொல்ல முடியுமா என்று கேட்டாள். நல்ல மனுஷன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேடி எடுத்துப் பார்த்தார்.

வீடியோ முடிந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். பாலம் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"உன் தம்பி இல்லம்மா," என்றார், அவளைப் பார்க்காமலே. "ஒரு பொம்பள போறா. கூடைய இடுப்புல வச்சிக்கிட்டு."

அவருடைய விரல் திரையில் அந்த முதுகின் மேல் இருந்தது. இது நிஜமில்லை, இதைச் செய்தவள் நான் என்று அவரிடம் சொல்ல உலகம்மாள் வாயெடுத்தாள். அதற்குள் ரயில் வருகிற அறிவிப்பு கேட்டது, பெரியவர் எழுந்திருக்கவில்லை. குனிந்து போனை முகத்தருகே கொண்டுபோய், அனுப்புகிற பொத்தானை அழுத்தி, பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டாள்.

"எல்லாருக்கும்தான்," என்றார் அவர்.